நெல் காயும் ரோட்டில் ஓர் அப்டேட்

"ஏன் தம்பி, நெல்லு என்ன பாம்பா? வண்டி இப்புடி நெளிஞ்சு நெளிஞ்சு போவுது!"

வடுவூருக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டில் காயப்போட்ட குறுவை நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா கேட்டது இது. நான் வண்டியை ஓரங்கட்டி இறங்கியிருந்தேன். கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. "நேத்து ராத்திரி வண்டிக்குப் புது சாஃப்ட்வேர் ஏத்தினேம்மா" என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு வார்த்தை சேர்த்து வாங்கியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் அவர் கல் வைத்திருந்த இடத்தைச் சுற்றி வந்து, சக்கரம் நெல்லில் ஏறியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். ஏறவில்லை. ஒரு சாண் இடைவெளி இருந்தது.

மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். வாரத்தில் மூன்று நாளாவது தஞ்சாவூர் போய்வர வேண்டும், போக வர ஏறக்குறைய 80 கி.மீ. பெட்ரோல் செலவுக்கு அஞ்சித்தான் எலெக்ட்ரிக் கார் வாங்கினேன். பெரிய பேட்டரி வேண்டுமென்றால் மேல் வேரியன்ட்தான் எடுக்க வேண்டும் என்றார்கள், அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது இந்த அடாஸ். அதாவது ஓட்டுநருக்கு உதவுகிற அமைப்பு. கண்ணாடிக்குப் பின்னால், ரியர்வியூ மிரருக்குப் பக்கத்தில் ஒரு கேமரா. முன் பம்பருக்குள் ஒரு ரேடார். முன்னால் போகிற வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் (இது க்ரூஸ்), கோட்டைத் தாண்டினால் ஸ்டீயரிங்கை இழுத்துப் பிடிக்கும் (இது லேன் உதவி), மோதப்போகிறோம் என்று தோன்றினால் தானே பிரேக் போடும்.

எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு, வண்டி தன்னைத்தானே ஓட்டிக்கொள்வதை 0 முதல் 5 வரை படி பிரித்திருக்கிறது. நம் ஊரில் அடாஸ் என்று விற்பவற்றில் உசத்தி என்பது லெவல் 2. அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வண்டி உதவும், ஆனால் ஓட்டுவது நீங்கள். கேஸ் வந்தாலும் உங்கள் மேல்தான். ஷோரூமில் கையை எடுத்துக் காட்டிய பையன் இதைச் சொல்லவில்லை. வண்டியோடு வந்த புத்தகத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது.

முதல் ஆறு மாதத்தில் வண்டியின் குணம் எனக்குப் பழகிவிட்டது. அப்பா மாட்டு வண்டி வைத்திருந்த காலத்தில் சொல்வார்: புது ஜோடி கட்டினால் பத்து நாள் ஓட்டிப் பார்த்தால்தான் எந்த மாடு எங்கே மிரளும் என்று தெரியும் என்று. என் வண்டிக்கும் அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தேன். லாரி, பஸ் என்றால் நன்றாகப் பார்க்கும். வைக்கோல் ஏற்றிய டிராக்டரைத் தாமதமாகத்தான் பார்க்கும். டிரெய்லர் எது, வைக்கோல் எது என்றே தெரியாமல் இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு போகும்போது பாவம் அதுவும்தான் என்ன செய்யும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிற வரிசையில் அழகாக ஊர்ந்து போகும். புதிதாகத் தார் போட்டு இன்னும் கோடு போடாத இடத்தில் லேன் உதவி தானாகக் கைகழுவிவிடும். லேன் விஷயத்தை மட்டும் முதல் மாதமே அணைத்து வைத்துவிட்டேன், நம் ரோட்டுக்கு அது சரிப்படாது.

அப்புறம் வந்தது அந்த அப்டேட்.

திரையில் நான்கு வரி. "ஓட்டுநர் உதவி அமைப்பின் செயல்பாடு மேம்படுத்தப்பட்டுள்ளது" என்கிற மாதிரி பொத்தாம் பொதுவாக. முப்பத்தைந்து நிமிடம் ஆகும், வண்டி நிறுத்தியிருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும். செப்டம்பர் மாதம், ராத்திரி ஒன்பதரை மணி. போனில் அப்டேட் போடுவது போல ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தஞ்சாவூர் கிளம்பினேன்.

நடந்தது எனக்கு உடனே விளங்கவில்லை, நாலைந்து நாள் கழித்துத்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. நான் அணைத்து வைத்திருந்த லேன் உதவியை அப்டேட் திரும்பப் போட்டுவிட்டிருந்தது. எல்லா அமைப்புகளும் கம்பெனி வைத்த பழைய நிலைக்குப் போய்விட்டன. அதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. கோடு இல்லாவிட்டாலும் தார் முடிகிற விளிம்பைக் கேமரா பார்த்து, வண்டி மண்ணில் இறங்காதபடி உள்ளே தள்ளிவிடும். நல்ல யோசனைதான். யோசித்தவர் ரோட்டில் நெல் காயும் ஊரில் வண்டி ஓட்டாதவர்.

ஏன் ரோட்டில் காய்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் வரைதான் எடுப்பார்கள். சில வருஷம் மழையைப் பார்த்துத் தளர்த்துவதும் உண்டு. குறுவை அறுப்பு செப்டம்பர், அக்டோபரில் வருகிறது, மழையும் அப்போதுதான் வருகிறது. மெஷின் அறுத்துக் கொட்டிய நெல் ஈரமாக இருக்கும். களம் போதாது. வெயிலில் சுடுகிற தார் ரோட்டை விட்டால் வேறு வழி? ஆகவே இடது பக்கம் ஆறேழு அடி அகலத்துக்கு நெல்லைப் பரப்பி, விளிம்பில் செங்கல்லோ கருங்கல்லோ வைத்துவிடுவார்கள். நாமெல்லாம் வலது பக்கம் ஒதுங்கி, எதிரே வருபவருக்கு விட்டுக்கொடுத்துப் போய்விடுவோம். இது ஊர் வழக்கம்.

வண்டிக்கு என்ன தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கருப்புத் தாரில் நேர்கோடாக ஒரு மஞ்சள் விளிம்பு. ரோடு முடிந்துவிட்டது என்று வலது பக்கம் தள்ளுகிறது. தள்ளினால் நடுவில் பாதி அழிந்த வெள்ளைக் கோடு. கோட்டைத் தாண்டுகிறாய் என்று இடது பக்கம் இழுக்கிறது. இழுத்தால் மறுபடி நெல். என் வேகம் அப்போது அறுபதைத் தாண்டித்தான் இருந்தது, என் வண்டியில் லேன் உதவி வேலை செய்யத் தொடங்குவதே அறுபதில்தான். பத்துப் பதினைந்து விநாடி ஸ்டீயரிங் என் கையோடு மல்லுக்கட்டியது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு வண்டி பாம்பு மாதிரி நெளிந்ததில் ஆச்சரியமே இல்லை.

அன்றைக்கே ஒரு விஷயம் கற்றுக்கொண்டேன், இன்றுவரை பயன்படுகிறது. நெல்லைச் சுற்றிப் போகும் முன் வலது இண்டிகேட்டரைப் போட்டுவிடுங்கள். இண்டிகேட்டர் போட்டால் நாம் தெரிந்துதான் கோட்டைத் தாண்டுகிறோம் என்று என் வண்டி லேன் உதவியை அந்த நேரத்துக்கு விட்டுவிடுகிறது. பின்னால் வருகிற பைக்காரருக்கும் நாம் ஒதுங்குவது தெரியும். ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடிக்காதீர்கள். அது இழுத்தால் நம் கைதான் ஜெயிக்கும், அந்த அளவுக்குத்தான் அதற்குப் பலம் கொடுத்திருக்கிறார்கள். பயந்துபோய்ச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்புவதுதான் ஆபத்து.

இரண்டாவது சம்பவம் இதைவிட மோசம். அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். வலங்கைமானுக்கு முன்னால் ஒரு பாலம். பாலத்து முனையில் இடது பக்கம் ஓர் இரும்பு பேரிகேட், ரோடு லேசாக வளைகிறது. நூறு தடவை போன இடம். அறுபதில் போய்க்கொண்டிருந்த வண்டி ஒன்றுமே இல்லாத ரோட்டில் படாரென்று பிரேக் போட்டது. அம்மா மடியில் வைத்திருந்த சீர்த்தட்டு முன்னால் சரிந்து, வெற்றிலை பாக்கெல்லாம் கீழே. பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு வலது பக்கம் ஒதுங்கிப் போனது. அந்த டிரைவர் இருக்கிற திசைக்கு ஒரு கும்பிடு.

"என்னடா, நாயா?" என்றார் அம்மா.

"இல்லம்மா, வண்டி."

"வண்டிக்கு என்ன?"

அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ரேடாருக்கு ரோட்டில் நிற்கிற இரும்பெல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். போர்டு, கைப்பிடிக் கம்பி, பாலத்து இணைப்பு இரும்பு, நின்றுபோன லாரி, எல்லாமே எதிரொலிதான். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் வண்டி ஊர் போய்ச் சேராது. அதனால் வேகமாகப் போகும்போது, நிற்கிற பொருளைக் கேமராவும் உறுதிப்படுத்தினால்தான் பெரும்பாலும் பொருட்படுத்தும்படி வைத்திருப்பார்கள். எவ்வளவு சந்தேகம் வந்தால் பிரேக், எவ்வளவு வந்தால் சும்மா இரு என்று உள்ளே ஓர் எல்லைக்கோடு இருக்கிறது. அப்டேட் அதை ஒரு நூல் நகர்த்தியிருக்கும் என்பது என் கணிப்பு. நின்ற லாரியில் மோதாமல் காப்பதற்காக நகர்த்தியிருக்கலாம், அதனால் பேரிகேட்டுக்கும் மிரள்கிறது. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றும் கூடத்தான் செய்யும்.

இதற்காக அவசர பிரேக்கை அணைத்து வைத்துவிடாதீர்கள். நான் ஒரு வாரம் அணைத்தேன், அது முட்டாள்தனம். என் வண்டியில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் அது தானே உயிர் பெற்றுவிடுகிறது என்பது வேறு விஷயம். அதைவிடப் பின்னால் யார் ஒட்டி வருகிறார் என்று பார்த்து வழிவிட்டுவிடுவது நல்லது. வீண் பிரேக்கில் அடி வாங்குவது பின்பக்கம்தான்.

சென்னையில் இருக்கிற என் மச்சானிடமும் இதே வண்டி. போன் போட்டுப் புலம்பினால், "எனக்கு அந்த அப்டேட்டே வரலையே" என்றார். பன்னிரண்டு நாள் கழித்து வந்தது. எல்லா வண்டிக்கும் ஒரே நாளில் அனுப்பமாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவார்களாம். போட்டுவிட்டு அவரே கூப்பிட்டார்: "அருமையா இருக்கு மாப்ள. ஓ.எம்.ஆர். டிராஃபிக்ல வெண்ணெய் மாதிரி போவுது." ஒரே வண்டி, ஒரே எண்ணுள்ள சாஃப்ட்வேர். எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. நெரிசலில் நின்று நின்று கிளம்புவது உண்மையிலேயே முன்பைவிட நன்றாக இருந்தது, நீடாமங்கலம் கேட்டில் எனக்கும் அது தெரிந்தது.

இந்த விஷயத்தில் எனக்குக் குரு வேளாங்கண்ணியில் டாக்சி ஓட்டுகிற ஒரு தம்பி. தஞ்சாவூர் சார்ஜிங் ஸ்டேஷனில் பழக்கம். ஆகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் 8 வரை மாதா கோயில் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து போகிற கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள், ராத்திரியிலும் ரோட்டோரம் நடந்துகொண்டே இருப்பார்கள். "அந்தப் பத்து நாள் க்ரூஸையே தொடமாட்டேன்ணே. ஆளைப் பார்த்தா நிக்கும்னு போட்டிருக்கான். இருட்டுல, கூட்டத்துல பார்க்குமான்னு நான் ஏன் சோதிக்கணும்?" அவருடைய குறை வேறு மாதிரி. அப்டேட்டுக்குப் பிறகு ஸ்டீயரிங்கில் கையை வை, கையை வை என்று வண்டி அடிக்கடி கத்துகிறது, பின்னால் உட்கார்ந்திருக்கிற சவாரிக்காரர்கள் டிரைவர் தூங்குகிறாரோ என்று எட்டிப் பார்க்கிறார்கள். கையை வைத்திருந்தால் மட்டும் போதாது, லேசாக ஓர் அசைவு கொடுத்தால்தான் அது உணர்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார்.

அந்தத் தம்பியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முன்னால் திரையில் இருக்கிற எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்துக்கொள்கிறார். போட்ட பிறகு படத்தை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, எது மாறியது என்று எழுதுகிறார். பக்கத்தில் சாஃப்ட்வேர் எண், தேதி. நான் இதைத்தான் செய்யாமல் விட்டேன். லேன் உதவி திரும்ப உயிர் பெற்றதை அன்று ராத்திரியே பார்த்திருந்தால் வடுவூர்க் கூத்து நடந்திருக்காது.

இன்னொன்றும் சொன்னார். ஒரு தடவை அப்டேட் போட்டு முடிந்ததும் அவர் வண்டி கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரியில் எழுபது சதவீதம் இருந்தது. வண்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரெல்லாம் ஓடுவது சாதாரண 12 வோல்ட் பேட்டரியில், அது பழசாகிப் போயிருந்தது. மூன்று வருஷம் ஆன வண்டியாக இருந்தால் அப்டேட்டுக்கு முன்னால் அதைச் சோதித்துவிடுங்கள்.

சர்வீஸ் சென்டர் கதையை நீட்ட வேண்டாம். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்றும் வேண்டாம், எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட இதே பாட்டுத்தான். முதல் தடவை போனபோது மெஷினைச் சொருகிப் பார்த்துவிட்டு "ஃபால்ட் ஒண்ணும் காட்டலை சார்" என்றார்கள். காட்டாதுதான். எதுவும் பழுதாகவில்லையே, புதிதாக எழுதியபடிதானே அது நடந்துகொள்கிறது! இரண்டாவது தடவை "அது அப்படித்தான் சார், பழகிடும்." மூன்றாவது தடவை தம்பியின் நோட்டு வழக்கத்தோடு போனேன். டேஷ்கேம் பதிவு, நாள், நேரம், பாலத்தின் இடம், வேகம், அப்டேட்டுக்கு முன் இருந்த எண், பின் இருந்த எண். புகாரை எழுத்தில் பதிந்து ஜாப் கார்டில், அதாவது அவர்கள் போடுகிற வேலைச் சீட்டில், என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னேன். அன்றைக்குத்தான் மேலிடத்துக்கு அனுப்பினார்கள், கேமரா சரியான கோணத்தில் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். முன் கண்ணாடி மாற்றியவர்கள் இதை விடாமல் கேளுங்கள். கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவு பிடித்து வைத்தாக வேண்டும்.

என் பக்கத்துக் குட்டையும் ஒன்று உடைக்கிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் "முன் ரேடார் வேலை செய்யவில்லை" என்று திரையில் வந்தது. இந்த அப்டேட் நாசமாய்ப் போக என்று திட்டிக்கொண்டே பாதி வழி போய்விட்டேன். டீக்கடையில் இறங்கி முன்னால் வந்து பார்த்தால், ஜிகினா சுற்றிய ரோஜா மாலை ரேடார் மூடிக்கு மேல் கச்சிதமாகக் கட்டியிருக்கிறது. அதற்கு அடியில் கெட்டியாகச் சந்தனம். நானே கட்டியது, நானே பூசியது. துடைத்ததும் சரியாகிவிட்டது. வயல் வரப்பு ஓரமாய்ப் போய்வந்தால் தெறிக்கிற சேறும், மார்கழிப் பனியில் கண்ணாடி மேல் படிகிற ஈரமும் இதே வேலையைச் செய்யும். எல்லாப் பழியையும் சாஃப்ட்வேர் தலையில் போடும் முன் ஒரு ஈரத்துணி எடுங்கள்.

அப்டேட்டே போடாமல் இருந்துவிட்டால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். அதுவும் சரியில்லை. அமெரிக்காவில் 2023 டிசம்பரில் டெஸ்லா 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களை அரசுக் கணக்கில் திரும்ப அழைத்தது. ஒரு கார்கூட பட்டறைக்குப் போக வேண்டியிருக்கவில்லை, ஓட்டுநர் கவனமாக இருக்கிறாரா என்று பார்க்கிற பகுதியைத் திருத்தி இணையம் வழியாகவே அனுப்பினார்கள். அந்த மாதிரித் திருத்தத்தை வேண்டாம் என்று தள்ளினால் நஷ்டம் நமக்குத்தான். அப்டேட்டில் என்ன மாறுகிறது என்பதை வண்டிக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று ஐ.நா.வின் வாகன விதி எண் 156 சொல்கிறது, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நாலு வரியில் "மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதுவதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. எதற்கு மேம்படுத்தினாய், எந்த இடத்தில் இனி வேறு மாதிரி நடந்துகொள்ளும், நான் மாற்றி வைத்த எதையெல்லாம் அழித்தாய்? இந்த மூன்றையும் தமிழில் எழுதினால் ஒரு பக்கம்கூட வராது.

ஜனவரியில் அடுத்த அப்டேட் வந்தபோது சம்பா அறுப்பு தொடங்கியிருந்தது. இந்தத் தடவை கடைக்கு லீவு நாளாகப் பார்த்துப் போட்டேன். மறுநாள் விடிந்ததும் யாரையும் ஏற்றாமல் தனியாக, வலங்கைமான் பாலம் வரை நிதானமாக ஒரு போக்கு, வடுவூர் வழியாக ஒரு போக்கு. முதலில் எல்லா உதவியையும் அணைத்து, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு. பாலத்தில் நான்கு தடவை போய்வந்தேன், பிரேக் போடவில்லை. நெல்லோரம் தள்ளுவது குறைந்திருக்கிறது, போகவில்லை. க்ரூஸில் முன்வண்டிக்கு விடுகிற இடைவெளி மட்டும் மறுபடி குறைந்த அளவுக்குப் போயிருந்தது, படத்தைப் பார்த்துத் திரும்ப வைத்தேன். அவசர பிரேக் வேலை செய்கிறதா என்று அட்டைப்பெட்டி வைத்தோ பையனை நிற்க வைத்தோ சோதிப்பவர்கள் வீடியோ போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

திரும்பி வரும்போது ஒரு முந்நூறு வாத்து ரோட்டைக் கடந்தது. அறுத்த வயலில் மேய விட்டிருந்தவை, ஒரு ஆள் முன்னால், கம்போடு ஒரு பையன் பின்னால். முன்னால் போன ஆளைத் திரை மஞ்சள் உருவமாகக் காட்டியது. அவர் கடந்ததும் உருவம் மறைந்தது, ரோடு காலி என்று வண்டி வேகம் பிடிக்கப் பார்த்தது. வாத்து அதன் பட்டியலில் இல்லை. ஆடும் இருக்குமா என்று சந்தேகம்தான். பிரேக்கில் என் கால் ஏற்கெனவே இருந்தது. கடைசி வாத்து மதகைத் தாண்டும்வரை நானும் வண்டியும் சும்மா நின்றோம்.

இப்போது திரையில் அடுத்தது வந்து நிற்கிறது. இன்ஸ்டால் செய்யவா, பிறகு பார்க்கலாமா என்று மூன்று நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. திங்களும் செவ்வாயும் தஞ்சாவூர் லோடு இருக்கிறது, புதன்கிழமை அம்மாவுக்குக் கண் ஆஸ்பத்திரி. வியாழக்கிழமை எங்கும் போக வேண்டாம். புதன் ராத்திரி போட்டுக்கொள்கிறேன். படங்கள் எடுத்தாகிவிட்டது.